பெயரில் எஞ்சிய நகரம்

'ஃபமாஸ்' என்னும் பிரெஞ்சுத் துப்பாக்கியின் பெயர் முதலெழுத்துச் சுருக்கம். அதன் இறுதி எழுத்து சாந்த்-எத்தியேன் நகரைக் குறிக்கும். அந்நகர அரசு ஆயுத ஆலையில் உருவாகி, 1978இல் படையில் ஏற்கப்பட்டது. விசைக்குப் பின்னே தோட்டாக்கூடு அமைந்த அதன் குறுகிய வடிவம் கண்டு, வீரர்கள் 'ஊதுகொம்பு' என்றழைத்தனர். 2001இல் ஆலை மூடப்பட்டது. 2016இல் பிரான்ஸ் மாற்றாகத் தேர்ந்தது ஜெர்மானியத் துப்பாக்கியை.

இதனைச் சிறந்த கருவியின் வெற்றி என்று மட்டும் கொள்வது பிழை. வரைபடங்களைக் காப்பகத்தில் பேணலாம்; கடைசல் பொறியின்முன் தலைமுறைகளாகப் பழகிய கைத்திறனை அவ்வாறு பேண இயலாது. ஆலை மூடப்பட்டபோதே அயலாரிடம் வாங்கும் முடிவு பாதி எழுதப்பட்டுவிட்டது. ஆயுதத் தற்சார்பு பேசும் நாடுகள், வடிவமைப்பில் காட்டும் அக்கறையைத் தொழிலாளர் மரபைக் காப்பதிலும் காட்ட வேண்டும்.