தொழிலாளர் வழக்கின் மூலவோலை எங்கே?

திருமணப் பந்தரிலே நின்ற நம்பியாரூரரை முதியவர் ஒருவர் தம் அடிமை என்று கூறி வழக்காடிய கதையைப் பெரியபுராணத்திற் படித்திருக்கின்றோம். முதியவர் காட்டிய ஓலையை ஆரூரர் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. கிழிந்தது படியோலையே என்றும் மூலவோலை தம்மிடம் உள்ளதென்றும் முதியவர் உரைத்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் முன் அவ்வோலை படிக்கப்பட்டது. அதில் கண்ட கையெழுத்து ஆரூரரின் பாட்டனாரது கையெழுத்தே என்பதை, அவர் எழுதிய பிறிதோர் ஓலையோடு ஒப்பிட்டுத் தெளிந்தனர். வழக்குத் தீர்ந்தது.

கதையின் சமயக் கருத்தை ஏற்பார் ஏற்க; மறுப்பார் மறுக்க. அஃது உணர்த்தும் உலகியல் உண்மை ஒன்றுண்டு. மூலவோலை வைத்திருப்பவனே வழக்கில் வெல்வான். ஓலை இல்லாதவன் பக்கம் முறை இருந்தாலும் வாய் இராது. நூறாண்டுகட்கு மேலாகச் சென்னை மாநகரில் உழைத்தும் போராடியும் வந்த தமிழ்த் தொழிலாளரின் மூலவோலை எங்கே என்பதே இன்று நான் எழுப்ப விரும்பும் வினா.

பெரம்பூர்ப் பகுதியிலே 1876-ஆம் ஆண்டில் பக்கிங்காம் ஆலையும் 1881-ஆம் ஆண்டில் கருநாடக ஆலையும் எழுந்தன. பின்னி நிறுவனத்தின் அவ்வாலைகளிலே உழைத்தோர் பல்லாயிரவர். உணவு கொள்ள அவர்கட்குக் கிடைத்தது அரைமணி நேரமே. அவ்விடைவேளையை நீட்டித்தல் வேண்டும் என்பதே அவர்களுடைய தொடக்கக்கால வேண்டுகைகளுள் ஒன்று. 1918-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றார் பலர் குறிப்பது இதனையே. இதற்கு வித்திட்டோர் செல்வபதி, இராமானுசலு என்னும் வணிகர் இருவர். தலைவராய் அமர்ந்தவர் பி. பி. வாடியா. துணைத்தலைவருள் ஒருவர் நம் திரு.வி.க. பெரியபுராணத்திற்குக் குறிப்புரை வரைந்த அதே திரு.வி.க.; தமிழாசிரியப் பணியை விடுத்து 1917-இல் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பேற்ற அதே திரு.வி.க. தமிழ் கற்பித்த ஒருவர் ஆலை வாயிலுக்குச் சென்று நின்றார் என்பது தமிழாசிரியர் அனைவர்க்கும் பெருமையன்றோ?

1920-ஆம் ஆண்டில் முதலாளியர் உயர்முறைமன்றத்தை அணுகி, வாடியா முதலியோர் தொழிலாளரைத் தூண்டாவண்ணம் தடை பெற்றனர். சங்கம் அமைத்தோர்க்குச் சட்டக் காப்பு ஏதும் இல்லை என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று. அவ்வழக்கு எழுப்பிய கிளர்ச்சியின் விளைவாகவே 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. 1921-ஆம் ஆண்டில் பல திங்கள் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது காவலர் சுட்டதில் தொழிலாளர் மாண்டனர். 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். 'தொழிலாளன்' என்னும் தமிழ்க் கிழமையிதழையும் நடத்தினார். 1947-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 100 நாள் நடந்த ஆலைப் போராட்டத்தின்போது சங்கத் தலைவராயிருந்தவர் யாழ்ப்பாணத்திற் பிறந்த அந்தோணிப் பிள்ளை. ஈழத் தமிழர் ஒருவரைத் தலைவராக்கிக்கொண்ட சென்னைத் தொழிலாளர்க்குக் கடல் ஓர் எல்லையாகத் தோன்றவில்லை.

இவ்வளவும் நடந்தது யாருடைய மொழியில்? தமிழில். கூட்டத்திற் பேசியது தமிழ். துண்டறிக்கையில் அச்சிட்டது தமிழ். சுடப்பட்டு வீழ்ந்தவன் அலறியதும் தமிழ். ஆயின், இவை எழுதிவைக்கப்பட்டிருப்பது யாருடைய மொழியில்? ஆங்கிலத்தில். அன்றைய அரசின் ஆணைகளும் காவல்துறை அறிக்கைகளும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அடுக்கப்பட்டுள்ளன. அன்றைய சென்னை அரசின் நடவடிக்கைப் பதிவுகட்கு இலண்டனிலும் படிகள் உண்டு. ஆட்சியாளன் தன் மூலவோலையையும் காத்தான். படியோலையையும் கடல் கடத்திக் காத்தான்.

தமிழ் இதழ்களில் வந்த செய்திகளைக் கூட ஆங்கிலேய அரசு விட்டுவைக்கவில்லை. இந்நாட்டு மொழி இதழ்களில் வெளிவந்தவற்றை ஆங்கிலத்தில் சுருக்கிப் பெயர்த்துக் கமுக்க அறிக்கைகளாக்கித் தன் அலுவலர்க்குச் சுற்றுக்கு விட்டது. மூல இதழ் அழிந்துபோன விடத்து, தமிழன் தமிழில் எழுதியதை அறிவதற்கு அவன் எதிரி செய்த ஆங்கிலச் சுருக்கமே எஞ்சி நிற்கின்றது. வாடியாவின் ஆங்கில உரைகள் 1921-ஆம் ஆண்டிலேயே நூலாயின. அவ்வுரைகளைத் தொழிலாளர் செவிக்கு எட்டச்செய்த தமிழ்ச் சொற்களோ காற்றோடு கலந்தன. திரு.வி.க. தம் 'வாழ்க்கைக் குறிப்புக'ளில் எழுதிவைத்தவை இல்லையெனில் நம் கை இன்னும் வெறுங்கையாய் இருந்திருக்கும்.

தொழிலாளர் எழுதவில்லையா? எழுதினர். சங்கக் கூட்டக் குறிப்புச் சுவடிகள், உறுப்புக் கட்டணப் பற்றுச்சீட்டுகள், மேலாளர்க்கு விடுத்த முறையீடுகள், துண்டறிக்கைகள், வேலைநிறுத்தக் காலத்தில் அரிசி பங்கிட்ட கணக்குகள் என அவர்கள் எழுதியவை பலவாகும். அவை காப்பகத்தில் வைக்கப்பட்டவை அல்ல. வீட்டுப் பரணிலும் தகரப் பெட்டியிலும் கிடந்தவை. பின்னி ஆலைகள் 1996-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. கதவு மூடியபின் குடும்பங்கள் சிதறின; வீடுகள் மாறின; பெட்டிகள் பழைய தாள் கடையின் துலாக்கோலில் ஏறின.

இதற்குப் பிறரை மட்டும் குறை கூறேன். என் கையிலும் குற்றம் உண்டு.

இருபதாண்டுகட்கு முன், என்னிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன் பழுப்பேறிய தாள் ஒன்றைக் கொணர்ந்தான். ஆலைத் தொழிலாளியாயிருந்த அவன் பாட்டனார் காத்துவைத்த சங்கத் துண்டறிக்கை அது. நான்காக மடித்து மடித்து, மடிப்புகள் நைந்திருந்தன. அன்று நான் என்ன செய்தேன்? சிவப்பு மை கொண்டு அதிலிருந்த 'மகாசனங்களே' என்பதை அடித்துப் 'பொதுமக்களே' என்றெழுதினேன். 'மீட்டிங்கு' என்பதை அடித்துக் 'கூட்டம்' என்றெழுதினேன். 'ஸ்டிரைக்' என்பதை அடித்து 'வேலைநிறுத்தம்' என்றெழுதினேன். பிழைத்தமிழுக்கு எடுத்துக்காட்டாக வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். ஆண்டிறுதியில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் அதனைச் சுரண்டியெறிந்தனர்.

சில ஆண்டுகள் கழித்து, அவ்வகைத் தாள்களின் அருமை உணர்ந்து, அம்மாணாக்கனைத் தேடிச்சென்று கேட்டேன். "ஐயா, வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருந்தன. தாங்களே அது தப்பான தமிழ் என்று சொன்னீர்கள். அதனால் பழைய தாள்களோடு எடைக்குப் போட்டுவிட்டோம்" என்றான்.

நான் விடை கூறவில்லை. அத்துண்டறிக்கையில் இருந்த பிறமொழிச் சொற்கள் ஒவ்வொன்றும் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. அதில் அச்சிட்டிருந்த நாள் நினைவில்லை; அச்சகத்தின் பெயர் நினைவில்லை; எவ்விடத்தில், எதன்பொருட்டுக் கூட்டம் என்பதும் நினைவில்லை. பேராவணம் ஒன்றைச் சொற்பட்டியலாகக் கண்ட கண்களுக்கு வேறு என்ன எஞ்சும்?

தனித்தமிழன்பர்களே! தூய தமிழில் எழுதுவோம் என்பது நாம் இன்றெழுதும் எழுத்துக்கு நாம் இட்டுக்கொண்ட நெறி. நேற்று இன்னொருவன் எழுதியதைத் திருத்துதற்கு நமக்கு உரிமை ஏது? கோயிற் கல்வெட்டுகளில் கிரந்த எழுத்துகள் விரவியுள்ளன. அவற்றை உளியாற் செதுக்கி எறிவோமா? எறிந்தால் அது தமிழ்த்தொண்டாகுமா? திருத்திய ஆவணம் ஆவணமன்று, பொய்யோலை. 'சங்கம்' என்பதைக் 'கழகம்' என்று எழுதுவதே என் வழக்கம். ஆயினும் அத்தொழிலாளர் தம் அமைப்புக்கு இட்ட பெயர் 'சங்கம்' ஆதலின், அப்பெயரை அவ்வாறே இக்கட்டுரையில் எழுதியுள்ளேன்.

இன்னொன்றும் உண்டு. நாம் இழிவாக எண்ணிய அத்தாள்களிலேதான் நம் மொழியின் வளர்ச்சி வரலாறும் புதைந்துள்ளது. வேலைநிறுத்தம், கதவடைப்பு, கூலி உயர்வு, ஆட்குறைப்பு ஆகிய சொற்களை முதன்முதல் ஆண்டவர் யாவர்? எவ்வாண்டில்? புலவர் மேடையிலா, ஆலை வாயிலிலா? பஞ்சப்படி என்று தொழிலாளர் வழங்கியதை இன்று அகவிலைப்படி என்கின்றோம். அம்மாற்றம் எவ்வாறு மெல்ல மெல்ல நிகழ்ந்தது? அகரமுதலி தொகுப்போர்க்கு வேண்டிய இவ்விடைகள் யாவும் நாள் குறித்த துண்டறிக்கைகளில் உள்ளன. அவற்றை எடைக்குப் போட்டுவிட்டுச் சொல்லாராய்ச்சி செய்வது, விதைநெல்லைக் குற்றித் தின்றுவிட்டு விளைச்சலை எதிர்பார்ப்பதாகும்.

நமக்கு இனிப்பவற்றை மட்டும் காப்பதும் பொய்யே. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் ஒற்றுமையின் கதை மட்டுமன்று. ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கும் பிற சாதித் தொழிலாளர்க்கும் இடையே பிளவு நேர்ந்தது. புளியந்தோப்பிலே ஏழையர் குடிசைகள் எரிந்தன. அப்பிளவால் ஊதியம் பெற்றவர் யார், தீயிட்டவர் யார், வேலைக்குச் சென்றோர் ஏன் சென்றனர் என்பனவற்றை அரசின் அறிக்கை ஒருவாறு கூறும். முதலாளி ஒருவாறு கூறுவான். வேலைநிறுத்தத்தில் நின்ற தொழிலாளியும், குடிசை இழந்த தொழிலாளியும் தத்தம் வாயாற் கூறியவை வேண்டாவா? சாதியால் நாம் வீழ்ந்த இடத்தை மறைத்துவிட்டுத் தமிழர் ஒற்றுமை பேசுவது புண்ணை மூடிப் பூச்சூட்டுவதேயாகும்.

ஆவணம் காத்தல் தமிழர்க்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அரசன் தன் பெயரை மட்டும் பொறித்துக்கொண்டானல்லன். தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரையும், அவர்கள் இருந்த வீட்டையும், பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் என்பதையும் கல்லில் வெட்டுவித்தான். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் அங்குண்டு. ஆயிரமாண்டுகட்கு முன்னர்ப் பணிசெய்தோரின் பெயரும் ஊதியமும் நமக்குத் தெரிகின்றன. நம் பாட்டன் காலத்தில் பெரம்பூரில் நூல் நூற்றவனின் பெயரும் கூலியும் தெரியவில்லை. மன்னராட்சி பொறித்துவைத்ததை மக்களாட்சி மறந்துவிடுவதா?

அரசு செய்யட்டும் என்று கைகட்டி நிற்பதும் தகாது. கோட்டையூர் ரோசா முத்தையா அரசு அலுவலர் அல்லர். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். நூல்களோடு நில்லாது, பிறர் குப்பையென்று தள்ளிய அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டினார். அவர் மறைவுக்குப் பின் அத்தொகுப்பு 1994-ஆம் ஆண்டு முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகப் பயன்பட்டு வருகின்றது. நம் மறைமலையடிகளின் நூல்களும் 1958-ஆம் ஆண்டில் நூல்நிலையமாக நிலைபெற்றன. ஒருவர் உள்ளம் வைத்தாலே இவ்வளவு ஆகுமெனின், ஊர்தோறும் மன்றம் வைத்திருக்கும் நம்மால் ஆகாதது யாது?

செய்யவேண்டுவன எளியவை. வடசென்னையில் வாழும் அன்பர்கள் ஞாயிறுதோறும் பழைய ஆலைத் தொழிலாளர் குடும்பங்களை நாடிச் செல்லுங்கள். தாள் எதுவாயினும் ஓரெழுத்தும் திருத்தாது, கிறுக்காது, ஒட்டாது வாங்குங்கள். தர மனமில்லாரை வற்புறுத்தாது, கைப்பேசியாலேயே படமெடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே விடுங்கள். யார் வீட்டில், எந்நாளில், எதனோடு கிடைத்தது என்பதை உடனே எழுதிவையுங்கள். தந்தவற்றைத் தனியார் பெட்டியிற் பூட்டாது, பொது நூலகத்திலோ காப்பகத்திலோ ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். அவற்றுக்குத் தமிழிலேயே பட்டியல் அமையுங்கள். 1947-ஆம் ஆண்டுப் போராட்டத்தைச் சிறுவராய் இருந்து கண்டோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். 1996-இல் வேலையிழந்தோரும் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் தமிழிலேயே பதிவுசெய்யுங்கள். நடுவே புகுந்து திருத்தாதீர்கள்.

தாளைத் திரட்டுவதனால் ஏழையின் அடுப்பு எரியுமா என்று கேட்போர் உளர். பணியாற்றிய ஆண்டுகளை மெய்ப்பிக்க ஒரு தாள் இன்றி அலுவலகப் படிகளில் காத்து நின்ற முதியவனைக் கேளுங்கள். அவன் விடை கூறுவான். தனி மனிதனுக்கு எது நேருமோ, அதுவே ஓரினத்துக்கும் நேரும்.

ஆரூரர் வழக்கில் படியோலை கிழிந்தது, மூலவோலை பிழைத்தது. நம் வழக்கிலோ எதிரியின் ஓலை இலண்டன் வரை காப்பாக இருக்கின்றது. நம் மூலவோலையை நாமே எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றோம். நான் சிவப்பு மை பூசிய தாள் இனித் திரும்பாது. உங்கள் தெருவில், ஏதோ ஒரு பரணில், இன்னும் ஒரு பெட்டி இருக்கும். துலாக்கோல் அங்குச் செல்லுமுன் நீங்கள் செல்லுங்கள்.