தாரில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

ஓசூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 29, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், வேலை பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில். வாரத்தில் ஐந்து நாள் நெடுஞ்சாலையில் ஆபீஸ் போய் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மலை, மண் பாதை, ஏரிக்கரை என்று சுற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே மோட்டார் சைக்கிள். எதை வாங்கலாம் என்று கேட்கிறார். கீழே பின்குறிப்பு: கடனில்தான் வாங்கப் போகிறேன், தை மாதம் கல்யாணம், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்த மாதிரிக் கடிதங்களில் பின்குறிப்பில்தான் விஷயமே இருக்கும்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடும்வரை தயாரித்த யெஸ்டியையோ, சென்னையில் தயாரான புல்லட்டையோ வாங்கினார்கள். தார்ச்சாலைக்கும் குடகுக் காப்பித் தோட்டத்துக்கும் அதே வண்டிதான். விசேஷமாக இரட்டை வேலைக்கென்றே வண்டி செய்து பெரிய அளவில் விற்கப் பார்த்தது ஹீரோ நிறுவனம். 2011-ல் வந்த 150 சி.சி. இம்பல்ஸ் மண்ணில் மானாகத் துள்ளியது. நெடுஞ்சாலையில் 13 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு லாரியை முந்துவதற்குள் ஓட்டுபவருக்கு வியர்த்துவிடும். விற்பனை சரியில்லாமல் சில ஆண்டுகளில் காணாமல் போனது. அதன் பிறகு 2016-ல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன், 2019-ல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200. இந்த இரண்டும் வந்த பிறகுதான் இங்கே இந்த ரகத்துக்கு ஒரு சந்தையே உருவானது.

இந்த வண்டிகளின் ரகசியம் முன் சக்கரத்தில் இருக்கிறது. சாதாரண பைக்கில் 17 அங்குலம், இவற்றில் 21. பெரிய சக்கரம் குழியில் விழாமல் அதன் மேல் உருண்டு போகும். கூடவே நீளமாக அமுங்கி எழும் ஷாக் அப்சார்பர்கள், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரத்தில் எஞ்சினின் அடிவயிறு. இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. வண்டி உயரும்போது சீட்டும் உயர்கிறது. எக்ஸ்பல்ஸ் 210-ன் சீட் உயரம் 830 மில்லிமீட்டர். புதிய ஹிமாலயன் 450-ல் 825. ஐந்தடி ஐந்து அங்குலக்காரருக்கு இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியாது. தார்ச்சாலை சிக்னலில் இது வெறும் அசௌகரியம். சரிவான மண் பாதையில் கால் ஊன்றத் தேடும்போது பள்ளம் இருந்தால் வண்டி சாயும். சாய்ந்த பிறகு தூக்க வேண்டும்.

அதனால்தான் மண்ணுக்கு வண்டி தேடுபவர்களிடம் குதிரைத்திறனுக்கு முன்பு எடையைப் பார்க்கச் சொல்கிறேன். 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450 நல்ல வண்டி: 40 குதிரைத்திறன், ஆறு கியர். ஆனால் 196 கிலோ. எக்ஸ்பல்ஸ் 210 அதைவிடச் சுமார் 28 கிலோ குறைவு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏ.சி.யில் நிற்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. வெயிலில் மூன்றாவது முறை தூக்கும்போது ஒவ்வொரு கிலோவும் தனித்தனியாகத் தெரியும். எனக்குத் தெரிந்திருக்கிறது.

'ஆனால் நெடுஞ்சாலைக்குச் சக்தி வேண்டாமா?' நியாயமான கேள்விதான். எந்த நெடுஞ்சாலை என்று முதலில் பார்ப்போம். அத்திப்பள்ளி, சந்தாபுரம், பொம்மசந்திரா வழியாகக் காலை எட்டரை மணிக்குப் போகிறவர் நூறு கிலோமீட்டர் வேகத்தைக் கனவில்தான் பார்க்க முடியும். வேகமாகப் போகக்கூடிய சாலைகளோ பைக்கை உள்ளே விடுவதில்லை. பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வாகனங்களுக்குத் தடை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். எனவே இவருடைய தினசரிப் பயணத்துக்கு 40 குதிரைகள் தேவையில்லை. கிளட்ச் லேசாக இருக்கிறதா, நெரிசலில் எஞ்சின் சூடு தொடையில் அடிக்கிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, இரண்டு பைகளோடு கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்கு அடிக்கடி போவதாக இருந்தால் கதை வேறு. 24 குதிரைத்திறனோடு நாள் முழுக்க 90-ல் ஓட்டலாம். ஆனால் எஞ்சினிடம் மிச்சம் வைத்திருக்க ஒன்றும் இருக்காது. அந்த உபயோகத்துக்கு ஓசூர்க்காரருக்கு அவர் ஊரிலேயே பதில் இருக்கிறது: டி.வி.எஸ். 2025 அக்டோபரில் கொண்டுவந்த அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300. 36 குதிரைத்திறன், முன் சக்கரம் 19 அங்குலம், அலாய் வீல். மோசமான சாலைக்கு அது போதும். சாலையே இல்லாத இடத்துக்கு அது வண்டியல்ல. கல்லில் இடித்தால் ஸ்போக்ஸ் சக்கரம் வளையும், தட்டிச் சரிசெய்யலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும். மறுபக்கம், டியூப் போட்ட ஸ்போக்ஸ் சக்கரம் இரவு பத்து மணிக்கு பங்ச்சரானால் சக்கரத்தைக் கழற்றாமல் வேலை நடக்காது.

பணக் கணக்கில் இப்போது ஒரு புதுக்கோடு விழுந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. ஹிமாலயன் 450 கோட்டின் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. ஆயுள் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்குக் கர்நாடகத்தில் 18 சதவீதம், தமிழ்நாட்டில் 12. ஓசூரில் குடியிருப்பவர் ஓசூரில் பதிவு செய்வது முறையானதுதான். பெங்களூரில் குடியிருந்துகொண்டு மாமா வீட்டு முகவரியில் டி.என். நம்பர் வாங்குகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

இனி ஞாயிற்றுக்கிழமை. ஓசூரைச் சுற்றிக் காடு இருக்கிறது, யானையும் இருக்கிறது. பாதை தெரிகிறதே என்று காப்புக் காட்டுக்குள் பைக்கை விடுவது தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டிலும் குற்றம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிராமத்து மண் சாலைகள் ஏராளம், அவை போதும். முறையாகக் கற்றுக்கொள்ள விரும்பினால் கோலார் அருகே பிக் ராக் என்ற மண் மைதானம் இருக்கிறது. அதை உருவாக்கியவர் பெங்களூர்க்காரரான சி.எஸ். சந்தோஷ்; 2015-ல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர். அதே சந்தோஷ்தான் 2021 ஜனவரி 6-ம் தேதி சவூதி அரேபியப் பாலைவனத்தில் டக்காரின் நான்காவது கட்டத்தில் விழுந்து, தலையில் அடிபட்டு, ரியாத் மருத்துவமனையில் மருந்து மயக்கத்தில் வைக்கப்பட்டிருந்தார். மீண்டு வந்துவிட்டார். மண்ணை அவரளவுக்கு அறிந்த இந்தியர்கள் மிகச் சிலரே. அவருக்கே அப்படி என்றால் யூடியூப் பார்த்துவிட்டுக் கிளம்புகிற நமக்கு?

எனவே வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள் என்பதே என் யோசனை. பயிற்சிக்கு அவர்களே பைக் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நின்றபடி ஓட்டுவது, முழங்காலால் டாங்கை அணைப்பது, விழுந்த வண்டியை முதுகு போகாமல் எழுப்புவது எல்லாம் அங்கே தெரியும். பின் சக்கர ஏ.பி.எஸ்.ஸை மண் இறக்கத்தில் ஏன் அணைக்க வேண்டும் என்பதும் புரியும்: சக்கரம் கொஞ்சம் பூட்டி மண்ணைத் தோண்டினால்தான் வண்டி நிற்கும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் அதைப் போட வேண்டும். அன்று மாலை வீடு திரும்பும்போது உடம்பு வலியோடு ஆசையும் மிச்சமிருந்தால் எக்ஸ்பல்ஸ் வாங்குங்கள். ஆசை கரைந்திருந்தால் ஆர்டிஎக்ஸ். பணம் இழுத்துப் பிடிக்கிறது என்றால் 2023-ல் நிறுத்தப்பட்ட பழைய 411 சி.சி. ஹிமாலயன் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். சீட் உயரம் 800 மில்லிமீட்டர்தான், உங்கள் காலுக்குப் பொருந்தும். எடை மட்டும் 200 கிலோவை ஒட்டி வரும். வாங்குமுன் முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ரிம்மில் நெளிவு, ஹாண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் ஒரு 'டக்' என்ற பிடிப்பு, இந்த மூன்றையும் பாருங்கள்.

எதை வாங்கினாலும் முழங்கால் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ், நல்ல ஹெல்மெட் ஆகியவற்றை வண்டி விலையோடு சேர்த்தே கடன் கணக்குப் போடுங்கள். ஹெல்மெட் இரண்டு. கர்நாடகத்திலும் பின்னால் உட்காருபவருக்கு அது கட்டாயம். வருங்கால மனைவியை ஒருமுறை பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வதும் நல்லது. அந்த உயரத்துக்குப் புடவையோடு ஏறுவது தனி சாகசம்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பது இந்தப் பத்தியின் எல்லைக்கு வெளியே. பயிற்சிச் சான்றிதழ் கொடுத்தால் அதையும் கையில் வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள்.