வண்டி எங்கே இருமுகிறது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டு நண்பர் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பாவின் புல்லட்டை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன், ஸார்!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய தகப்பனார் 1995-இல் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி அது. அதன் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே வீட்டில் காப்பிக்குப் பால் அடுப்பில் ஏறிவிடும். பெரியவர் காலமாகி ஆறு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வண்டியும் திண்ணையோரமாக நின்றுவிட்டது.

"என்ன கோளாறு?" என்று கேட்டேன்.

"சோக் போட்டால் கிளம்புகிறது. சோக்கை எடுத்தால் நின்று போகிறது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். பழைய இரும்புக்காரர் சாயந்திரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்."

"கோளாறு எங்கே என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே!" என்றேன். அவர் விழித்தார்.

நேயர்களில் பலருக்கும் இந்தத் தொல்லை இருக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் வேலையை இஞ்செக்‌ஷன் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அதற்கு முந்திய வண்டிகள் நம் தெருக்களில் இன்னும் ஏராளம்.

பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது கார்புரேட்டர். ஊட்டும் கை ஒன்றுதான், கரண்டிகள் பல. ஆக்ஸிலேட்டரைத் திருகாதபோதும், எட்டில் ஒரு பங்கு வரை திருகும்போதும், பெட்ரோல் கொடுப்பது ஸ்லோ ஜெட். கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை, மேலும் கீழும் போய்வரும் ஊசி அளந்து கொடுக்கிறது. அதற்கு மேல் மெயின் ஜெட். ஆகவே வண்டி எந்த இடத்தில் இருமுகிறது என்று கவனித்தால், எந்தக் கரண்டி அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வேகத்தில் நன்றாக ஓடி, சிக்னலில் நின்றதும் அணைந்தால் ஸ்லோ ஜெட். மேட்டில் முழுக்கத் திருகும்போது திணறினால் மெயின் ஜெட்.

சோக் என்பது பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும் தனி வழி. அதன் தயவில் மட்டுமே எஞ்சின் ஓடினால், வழக்கமான வழியில் பெட்ரோல் குறைகிறது, அல்லது எங்கோ காற்று கூடுதலாக நுழைகிறது என்று அர்த்தம். அதனால் முதலில் கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் வெடிப்போ, தளர்ந்த நட்டோ இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. டாங்க் மூடியின் காற்றுத் துளையையும் பார்த்தோம். அது அடைத்திருந்தால் வண்டி சிறிது தூரம் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி கிளம்பும். அதுவும் இல்லை.

பிறகுதான் கார்புரேட்டரைக் கழற்றினோம். கொல்லைப்புறத்தில், திறந்த வெளியில்! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். சமையலறை அடுப்போ பூஜை விளக்கோ பக்கத்தில் இருந்தால் விபரீதம். குழந்தைகளும் எட்டி நிற்கட்டும்.

அடியிலுள்ள கிண்ணத்தின் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தோம். அடியில் தண்ணீர் தனியாக நின்றது! ஆறு மாதம் தேங்கிய பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் பிசின் போலப் படியும். போதாக்குறைக்கு, 2025-இல் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு 20 பங்கு வரை வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் சுபாவமுடையது. ஸ்லோ ஜெட்டின் துவாரமோ அரை மில்லிமீட்டர்கூட இராது. அடைக்கக் கேட்பானேன்?

ஜெட் பித்தளை, மென்மையானது. சரியாகப் பொருந்தும் திருப்புளியால் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரே இருட்டு. நண்பர் சட்டென்று ஒரு கம்பியை நீட்டினார்.

"கூடவே கூடாது!" என்று தடுத்தேன். கம்பி துவாரத்தைப் பெரிதாக்கிவிடும். அப்புறம் பெட்ரோல் அதிகம் போய், பிளக் கரி பிடித்து, மைலேஜும் குறையும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய நைலான் பிரஷ் முடி ஒன்றை நுழைத்து, ஊதினால் போதும்.

ஜெட்டைச் சுத்தம் செய்தால் பாதி வேலைதான். உடம்புக்குள் ஓடும் பாதையும் அடைத்திருக்கும். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று காகிதத்தில் குறித்துக்கொண்டு, பிறகு கழற்றினோம். ரப்பர் சாமான்களையும் புளோட்டையும் அப்புறப்படுத்தினோம். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து ஸ்லோ ஜெட்டின் பாதையில் கிளீனரைப் பீச்சியதும், எஞ்சின் பக்கத்துச் சிறு துளையில் முதலில் பழுப்பாகவும் பிறகு தெளிவாகவும் வந்தது. புளோட்டைக் காதருகே குலுக்கினோம். உள்ளே தளும்பினால் ஓட்டை என்று பொருள். சத்தமில்லை.

டாங்கையும் காலி செய்து புதுப் பெட்ரோல் விட்டு, ஸ்க்ரூவைக் குறித்த சுற்றுக்கே வைத்து உதைத்தார். இரண்டாவது உதையில் கிளம்பியது. சூடேறியதும் சோக்கை எடுத்தார். 'டுப்... டுப்... டுப்...' நிற்கவில்லை!

உள்ளேயிருந்து அவருடைய தாயார் வாசற்படிக்கு வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். சற்றைக்கெல்லாம் காப்பி வந்தது.

"இனி இப்படி நேராமல் இருக்க?" என்று கேட்டார் நண்பர்.

"வாரம் ஒரு தடவையாவது ஓட்டுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்" என்றேன்.

சாயந்திரம் பழைய இரும்புக்காரர் வந்து கதவைத் தட்டினார். வீடு பூட்டியிருந்தது. நண்பர் தாயாரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார்.