தாண்டிப் போகும் பட்டியல்

புதிய ஏற்பாட்டைத் திறந்தால் முதலில் வருவது கதை இல்லை, ஒரு பெயர்ப் பட்டியல். ஆபிரகாமில் தொடங்கி இயேசுவில் முடியும் வம்ச வரலாறு. நம்மில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுவோம். நானும் அப்படித்தான். இந்த வாரம் நிதானமாகப் படித்தேன்.

தலைமுறைகளை 14, 14, 14 என மூன்றாகப் பிரித்திருக்கிறார் மத்தேயு. எல்லாம் ஒரு வாக்குறுதியில் தொடங்குகிறது: பூமியின் எல்லாக் குடும்பங்களும் ஆபிரகாம் வழியாக ஆசி பெறும். அப்போது அவருக்கு வயது 75, பிள்ளை இல்லை. ஈசாக்கு பிறந்தபோது 100. மீதியை அவர் பார்க்கவே இல்லை.

பட்டியலில் அப்பாக்களின் பெயர்களுக்கு நடுவே எரிகோவின் ராகாப், மோவாப் தேசத்து ரூத். இருவருமே அந்நியர்கள். 'எல்லாக் குடும்பங்களும்' என்ற அந்த வார்த்தை, இயேசு பிறப்பதற்கு முன்பே அவருடைய வம்சத்துக்குள் பலிக்கத் தொடங்கிவிட்டது!

கணவரை இழந்த ரூத், மாமியாருடன் பெத்லகேமுக்கு வந்து, வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கினார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் அரசர் தாவீது. அந்த வம்சத்தில் வந்தவர் இயேசு.

கதிர் பொறுக்கிய அன்று ரூத்துக்கு இதெல்லாம் தெரியாது. மாமியார் பசியோடு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.