மிக நீளமான வார்த்தையாம்... எந்த லிஸ்ட்டுல சார்?

"ஆங்கிலத்திலேயே மிக நீளமான சொல் எது தெரியுமா? ஐந்து உயிரெழுத்தும் வரிசையா வர்ற ரெண்டே ரெண்டு சொல் எது தெரியுமா?" இந்த மாதிரி ஆரம்பிக்கிற எதைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும். முன்னாடி மெயில் ஃபார்வர்டா வந்துச்சு, இப்ப வாட்ஸப்பில் வருது. வாகனம் மாறியிருக்கே தவிர சரக்கு மாறலை. அதே பத்து சொல், அதே தப்பு, கடைசியில் அதே "பகிருங்கள்".

மக்களே, இந்தச் சொல் வேட்டை எனக்கு ரொம்பப் பிடிச்ச விளையாட்டு. குறிப்பிட்ட எழுத்துகள் மட்டும் வர்ற சொல், ஒரு எழுத்து வரவே வராத சொல், எழுத்து திரும்ப வராத சொல்னு தேடிக்கிட்டே இருப்பேன். பிடிச்சதாலதான் இந்தக் கடுப்பு. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: எந்தச் சொற்பட்டியலில் தேடினோம், என்ன விதியில் தேடினோம்னு சொல்லாத வரைக்கும் "மிக நீளமான", "ஒரே ஒரு" என்பதற்கெல்லாம் அர்த்தமே கிடையாது.

(ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கேன். ஸ்பெல்லிங்கை மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க. அதுவும் விளையாட்டுதான் :-))

முதலில் அந்தப் பிரசித்தி பெற்ற 45 எழுத்து நுரையீரல் நோய். "நியூமோனோஅல்ட்ரா"ன்னு ஆரம்பிச்சு "கோனியோசிஸ்"னு முடியுமே, அதேதான். அது டாக்டர்கள் வச்ச பேர் இல்லை. 1935-ல் அமெரிக்காவின் நேஷனல் பஸ்லர்ஸ் லீக் கூட்டத்தில் அதன் தலைவர் எவரெட் ஸ்மித், நீளமா இருக்கணும்ங்கிற ஒரே காரணத்துக்காகக் கட்டிவிட்ட சொல். புதிர் போடுறவங்க புதிருக்காகச் செஞ்சது, அதில் தப்பில்லை. பிறகு அகராதிகளிலும் ஏறியது. ஆனா ஆக்ஸ்போர்டு அகராதியே இதைச் செயற்கையா உண்டாக்கிய சொல்னுதான் சொல்லுது. டாக்டர்கிட்ட போனா சிலிகோசிஸ்னு 9 எழுத்தில் முடிச்சிடுவார். நீளத்துக்காகவே செஞ்ச சொல் நீளத்தில் ஜெயிச்சதுன்னு ஆச்சரியப்படுறது, தானே கேள்வித்தாள் தயாரிச்சுத் தானே பரீட்சை எழுதி ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்கின மாதிரி.

அடுத்து, ஏ-ஈ-ஐ-ஓ-யூ வரிசையா வர்ற "ரெண்டே ரெண்டு" சொற்கள்: ஃபசீஷியஸ், அப்ஸ்டீமியஸ். ரெண்டும் சரியான உதாரணம்தான். ஆனா "ரெண்டே ரெண்டு"? கெமிஸ்ட்ரி படிச்சவங்க ஆர்சீனியஸ் ஆக்ஸைடைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த ஆர்சீனியஸை எழுதிப் பாருங்க, அஞ்சும் வரிசையா நிக்கும்.

கீபோர்டின் மேல் வரிசையில் மட்டும் அடிக்கக்கூடிய நீளமான சொல் டைப்ரைட்டராம். 10 எழுத்து. ப்ரொப்ரைட்டர், பர்பெச்சுவிட்டி, ரெப்பர்ட்வார் மூணுக்கும் அதே 10 எழுத்து, அதே மேல் வரிசை. ரப்ச்சர்வோர்ட்னு ஒரு செடி இருக்கு, அதுக்கு 11. டைப்ரைட்டரில் டைப்ரைட்டர்னு அடிக்கலாம்ங்கிறது கேட்க நல்லாயிருக்கு, அதனால யாரும் எண்ணிப் பார்க்கலை.

விதி ஏன் முக்கியம்னு இன்னொண்ணு காட்டுறேன். உயிரெழுத்துகள் தலைகீழா, யூ-ஓ-ஐ-ஈ-ஏன்னு வர்ற சொல் என்னன்னா சப்கான்டினென்டல். நம்ம துணைக்கண்டத்தைக் குறிக்கிற சொல், 14 எழுத்து. அன்காம்ப்ளிமென்டரியிலும் அதே தலைகீழ் வரிசை, 15 எழுத்து. ஆனா அதன் கடைசியில் ஒரு ஒய் உட்கார்ந்திருக்கு. ஒய் உயிரெழுத்தா இல்லையா? இல்லைன்னா 15 ஜெயிக்கும். உண்டுன்னா 14 ஜெயிக்கும். இதை முதலிலேயே முடிவு பண்ணாம சண்டை போட்டா விடிய விடியப் போடலாம். விடை தெரிஞ்ச பிறகு விதியை வளைச்சா அதுக்குப் பேர் விளையாட்டு இல்லை, அழுகுணி ஆட்டம்.

விதி மாதிரியேதான் பட்டியலும். மேக் கம்ப்யூட்டரோட ஒரு சொற்பட்டியல் சும்மாவே வரும். சுமார் 2,35,000 சொல். அதன் மூலம் 1934-ல் வந்த வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாம் பதிப்பு. அதுக்குப் பின்னாடி பிறந்த சொல்லை அதில் எதிர்பார்க்க முடியாது. பன்மை வடிவங்களும் பெரும்பாலும் இருக்காது. ஸ்கிராபிள்காரங்க பட்டியலில் பன்மை உண்டு, ஆனா 15 எழுத்தைத் தாண்டாது. ஏன்னா பலகையில் ஒரு வரிசைக்கு 15 கட்டம்தான். ஒரே கேள்விக்கு ரெண்டு பட்டியலும் ரெண்டு பதில் சொல்லும், ரெண்டும் சரியாவே இருக்கும். எழுத்து திரும்ப வராத சொல் அன்காப்பிரைட்டபிள், 15 எழுத்து. கைரேகைக் கலையான டெர்மடோகிளிஃபிக்ஸும் 15. அதன் தலையில் "சப்"பை ஒட்டி, வாலில் இருக்கிற எஸ்ஸை வெட்டி 17னு சொல்றவங்களும் உண்டு. சரி, அது எந்த அகராதியில் இருக்குன்னு கேளுங்க. அந்தக் கேள்விதான் இந்த விளையாட்டின் அம்பயர். 1968-ல் இருந்து 2020 வரை வந்த வேர்ட் வேஸ்னு ஒரு ஆங்கில இதழ் முழுக்க இதே வேலையைத்தான் செஞ்சது. சொல்லோட அகராதிப் பேரையும் சேர்த்துக் கொடுக்கிறது அங்கே வழக்கம்.

தேடுறது கஷ்டமான்னா, இல்லவே இல்லை. பொட்டி தட்டுற நமக்கு கிரெப் கட்டளை எதுக்கு இருக்கு? 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் கென் தாம்சன் எழுதினது. மேல் வரிசையின் பத்து எழுத்தையும் ஒரு சதுர அடைப்புக்குள்ள போட்டு, வெளியே ஒரு கூட்டல் குறி. முன்னாடி தொப்பிக் குறி, பின்னாடி டாலர் குறி. அவ்ளோதான், ஒரே வரி. தொப்பியையும் டாலரையும் விட்டுட்டா கிட்டத்தட்ட மொத்த அகராதியும் வந்து கொட்டும், ஜாக்கிரதை.

சொல்லை விட்டுச் சொற்றொடருக்குப் போனா பட்டியலே கிடையாது. நீட்டிக்கிட்டே போகலாம். அப்ப விதி ஒண்ணுதான் துணை. எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் 1939-ல் "கேட்ஸ்பி"ன்னு ஒரு நாவல் வெளியிட்டார். 50,000 சொல்லுக்கு மேல், ஈ என்ற எழுத்தே இல்லாம. ஆங்கிலத்தில் அதிகம் வர்ற எழுத்தே அதுதான். ஈ-டியில் முடியற இறந்தகால வினை மொத்தமும் போச்சு. கை தவறிடக்கூடாதுன்னு டைப்ரைட்டரில் அந்த விசையையே கட்டி வச்சாராம். ஜார்ஜ் பெரக் 1969-ல் பிரெஞ்சில் இதே வேலையைச் செஞ்சார். அதை 1994-ல் கில்பர்ட் அடேர் ஈ இல்லாமலேயே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். இவங்க யாரும் எழுதி முடிச்சிட்டு விதி தேடலை.

"இப்பதான் ஏஐ இருக்கே, கேட்டா சொல்லிடுமே"ங்கிறீங்களா? தாராளமா கேளுங்க. அது சொல்லை எழுத்து எழுத்தா படிக்கிறதில்லை, துண்டு துண்டா படிக்குது. அதனால எழுத்து எண்றதில் சறுக்குவதுண்டு. சறுக்கினாலும் குரலில் நடுக்கம் இருக்காது. அது சொன்னதையும் எண்ணித்தான் பார்க்கணும்.

"இதனால நாலு காசு வருமா? ஒரு வார்த்தைக்கு இவ்ளோ அக்கப்போரா?" வராது. டைப்ரைட்டருக்கு 10 எழுத்தா 11 எழுத்தாங்கிறதில் ஒரு உயிரும் போகாதுதான். ஆனா பத்து விநாடியில் சரிபார்க்கக்கூடிய ஒரு விஷயத்தையே சரிபார்க்காம அனுப்புற கை, சரிபார்க்கப் பத்து நாள் ஆகிற விஷயத்தை மட்டும் நிறுத்தி யோசிக்குமா? மருந்து, வரலாறு, தேர்தல்னு "உலகிலேயே", "ஒரே", "முதல்" போட்டு வர்ற எல்லாத்துக்கும் இதே கேள்விதான்: எந்தப் பட்டியலில் சார்? சின்ன விஷயத்தில் கேட்டுப் பழகலைன்னா பெரிய விஷயத்தில் வாய் வராது.

இன்னொரு நஷ்டமும் இருக்கு. விடையைக் கையில் திணிச்சிட்டா தேடுற சுகம் போயிடுது. ராத்திரி ஒரு மணிக்குத் திரையில் ரப்ச்சர்வோர்ட் வந்து நிக்கும்போது வர்ற சந்தோஷத்தை எந்த ஃபார்வர்டும் தராது.

டிஸ்கி 1: ஈ-யைத் தவிர வேற உயிரெழுத்தே இல்லாத சொல்லில் என் கணக்குக்கு ஸ்ட்ரெங்த்லெஸ்னஸ், 16 எழுத்து. இதைவிட நீளமா சிக்கினா பின்னூட்டத்தில் போடுங்க. அகராதி பேர் இல்லாம வர்ற பின்னூட்டத்துக்கு ஒரே பதில்தான், தலைப்பைப் பாருங்க.

டிஸ்கி 2: இந்தப் பதிவை யாரும் ஃபார்வர்ட் பண்ண வேண்டாம். எண்ணிப் பார்த்துட்டு வேணா பண்ணுங்க :-)