யோசனைக்கும் கூலி உண்டு

பட்டாசு ஆலையில் போர்மேன் என்று ஒருவர் இருப்பார். அவர் உட்கார்ந்து திரி சுற்றுவதில்லை. எந்த மருந்தை எதோடு சேர்க்கக் கூடாது, எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்று சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். காரியாபட்டியிலிருந்து சிவகாசி வரை யாரும் அதை 'சும்மா வாயால சொல்றதுதானே' என்று கேட்பதில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊர்களுக்குத் தெரியும்.

மாற்றுத்திறனாளிக் கலைஞரிடம் யோசனை கேட்கும்போது மட்டும் இந்த நியாயம் காணாமல் போகிறது. "தம்பி, ஸ்கிரிப்டை ஒருவாட்டி கேட்டுட்டுச் சொல்லுங்க." "மேடைக்குச் சாய்தளம் எங்க போடணும்னு வந்து பாத்துருங்க." பார்வையற்றவர் என்றால் வானத்தைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டி நடப்பார் என்று நீங்கள் எழுதியதை அவர் ஒரே வரியில் திருத்துவார். அந்த ஒரு வரி அவர் வாழ்ந்து, தொழில் பழகிச் சேர்த்தது. அதற்குக் கிடைப்பது ஒரு பொன்னாடை, ஒரு செல்ஃபி. காசுப் பேச்சை எடுத்தால், "உங்க ஆளுகளுக்காகத்தானே செய்றோம்!" சரி, படம் ஓடினால் லாபம் யார் ஆளுகளுக்கு?

2024 ஜூலை 8 அன்று, 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் தொடர்பாக நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவதற்கான வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் தந்தது. அவர்களுடைய அமைப்புகளோடு கலந்து பேசுங்கள் என்பதும் அதில் உண்டு. நல்ல தீர்ப்புதான். ஆனால் கூலியைப் பேசாமல் கலந்து பேசுவதை மட்டும் வழக்கமாக்கினால், ஓசி வேலைக்கு மரியாதையான பெயர் வைத்த மாதிரிதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 29, இந்தக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் ஆதரவும் தரச் சொல்வது அரசாங்கத்திடம். உங்கள் பட்ஜெட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டியது நீங்கள்தான்.

"நாங்க சின்னக் குழுங்க, காசில்ல." இருக்கலாம். ஆனால் மண்டபம், மைக் செட், ப்ளெக்ஸ், டீ எதுவும் ஓசியில் வரவில்லையே! காரியாபட்டியிலிருந்து மதுரைக்கு ஒருவர் சக்கர நாற்காலியோடு வர வண்டி பிடிக்க வேண்டும். துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலி போகும். ஆக, யோசனையும் சொல்லி, கையிலிருந்து உங்களுக்கு மொய்யும் வைத்துவிட்டுத்தான் அவர் ஊர் திரும்புகிறார்.

எனவே தொகையை முதல் போனிலேயே சொல்லுங்கள். மற்ற ஆலோசகர்களுக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே கொடுங்கள். பயணம், துணையாள், சைகை மொழிபெயர்ப்பாளர் செலவைச் சம்பளத்தில் கழிக்காதீர்கள். அவர் சொன்னதை நீங்கள் ஏற்காமல் போனாலும் கூலி கூலிதான். கொடுக்கவே முடியாதென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இலவசமாக வருவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.