நிரப்பும் நாளைத் தோல் தீர்மானிக்கட்டும்

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிக்கொண்ட பெண்களும் அவர்தம் குடும்பத்தினரும், மறுசீரமைப்புப் பிரிவில் பணிபுரியும் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி ஒன்றே: "இது எப்போது முடியும்?" மகளின் திருமணமோ, அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டிய தேதியோ அக்கேள்விக்குப் பின்னால் இருக்கும். கேள்வி நியாயமானதே. ஆயினும் நாட்காட்டியை மட்டும் பார்த்து அதற்கு விடை கூறுவது நோயாளிக்குத் தீங்காக முடியும் என்பது என் கருத்து.

மார்பகம் அகற்றப்பட்டபின், தோலுக்கடியிலோ மார்புத் தசைக்கடியிலோ 'டிஷ்யூ எக்ஸ்பாண்டர்' எனப்படும் திசு விரிப்பான் வைக்கப்படுகிறது. அது ஒரு சிலிக்கோன் பை. அதன் ஊசி வாயில் வழியாக உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தும்போது மேலுள்ள தோல் விரிகிறது. பின்னர் அப்பையை எடுத்துவிட்டு நிலையான செயற்கை மார்பகம் பொருத்தப்படுகிறது. அறுவை மருத்துவர் செடோமிர் ரடோவான் இம்முறையை 1982இல் விரிவாக எழுதி வெளியிட்டார். கருவுற்ற தாயின் வயிற்றுத் தோல் பத்து மாதங்களில் மெல்ல விரிவதைப் போன்றதே இதுவும்.

வழக்கமாக, அறுவைக்குப்பின் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து, காயம் ஆறுவதை உறுதிசெய்துகொண்டு நிரப்பத் தொடங்குகிறோம். ஒரு முறைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை, வாரம் ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ நிரப்புவதுண்டு. மார்பகத்தை அகற்றும்போதே அதன் மேல்தோல் தன் இரத்த ஓட்டத்தில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. அந்நிலையில் உள்ளிருந்து அழுத்தம் மிகுந்தால் எஞ்சிய ஓட்டமும் குறையும். தையலோரம் கருகலாம், காயம் பிரியலாம், கிருமி புகுந்தால் பையையே எடுத்துவிட நேரலாம். அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. ஆறாத காயம் இருக்கும்வரை கீமோதெரபியைத் தள்ளிவைக்க வேண்டிவரும். ஒரு வாரத்தை மிச்சப்படுத்த முயன்று, உயிர்காக்கும் சிகிச்சையின் வாரங்களை இழப்பது அறிவுடைமையாகாது. புகைப்பழக்கம், நீரிழிவு, கதிர்வீச்சு ஆகியவை உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

பையின் மேற்பரப்பும் கவனிக்கத்தக்கது. சொரசொரப்பான மேற்பரப்பில் திசு பற்றிக்கொள்வதால் பை இடம்பெயராமல் நிற்கும். அதனாலேயே அது நெடுங்காலம் விரும்பப்பட்டது. ஆனால் அத்தகைய மேற்பரப்போடு தொடர்புடைய அரியவகை நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டதை அடுத்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி, அலர்கன் நிறுவனம் 2019 ஜூலையில் தன் 'பயோசெல்' வகைச் சாதனங்களை உலகெங்கும் திரும்பப் பெற்றது. திசு விரிப்பான்களும் அவற்றுள் அடங்கும். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் அவற்றை அகற்றிக்கொள்ளத் தேவையில்லை என்றும் அந்நிர்வாகம் அப்போதே தெளிவுபடுத்தியது. வழுவழுப்பான பையில் திசு அவ்வாறு பற்றுவதில்லை. ஆகவே அதன் ஓரத்திலுள்ள சிறு பட்டைகளை மார்புச்சுவரோடு தைத்து நிறுத்துகிறார்கள். வழுவழுப்பான பையை நாடுவதே சரியென்று நான் எண்ணுகிறேன். எனினும், எந்த மேற்பரப்பும் நலிந்த தோலுக்கு இரத்தத்தைத் தந்துவிடாது. பையைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை, நிரப்பும் வேகத்திலும் காட்ட வேண்டும்.

இதன்பொருட்டு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, ஒவ்வொரு நோயாளியிடமும் ஓர் அட்டை இருக்க வேண்டும். பையின் தயாரிப்பாளர், வரிசை எண், மேற்பரப்பின் வகை, ஒவ்வொரு முறையும் நிரப்பிய அளவு, தேதி ஆகியவை அதில் எழுதப்பட வேண்டும். தரப்படாவிட்டால் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். பல விரிப்பான்களின் ஊசி வாயிலில் காந்தம் உள்ளது, எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் அந்த அட்டையைக் காட்டுவது இன்றியமையாதது.

மற்றொன்று, வலியை மறைக்காதீர்கள். நிரப்பியபின் ஓரிரு நாள் இறுக்கம் இருப்பது இயல்பு. தோல் சிவத்தல், கருத்தல், காய்ச்சல், திடீர் வீக்கம், காயத்திலிருந்து நீர் கசிதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த முறைக்காகக் காத்திராமல் வந்துவிடுங்கள். "சொன்னால் நிரப்புவதைத் தள்ளிப்போட்டுவிடுவார்களே" என்று அஞ்சி மௌனமாக இருந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்த அச்சம் பெரும்பாலும் வீட்டாரின் அவசரத்திலிருந்து பிறக்கிறது.

"இந்த வாரம் நிரப்ப வேண்டாம்" என்று மருத்துவர் கூறும் நாள் வீணான நாளன்று; தோல் தன் வலிமையைத் திரும்பப் பெறும் நாள் அது. ஆகவே குடும்பத்தினர் அடுத்தமுறை வரும்போது, "எப்போது முடியும்?" என்பதற்கு முன்னால், "காயம் எப்படி ஆறியிருக்கிறது?" என்று கேளுங்கள். அக்கேள்வியைச் செவியுறும் நோயாளிக்குத் தன் வலியைச் சொல்லும் துணிவு வரும்.